பாட்டு வழியா சுதந்திரப் போராட்ட வரலாறு நடத்த முடியுமா? எதுல ஆரம்பிக்கலாம்?

கடலோர டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் நாகை மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில சமூக அறிவியல் எடுக்கறேன். எட்டு, ஒன்பது, பத்து மூணு கிளாஸும் என்கிட்டதான். எட்டாவதுக்கு பாளையக்காரர்கள், வேலூர் புரட்சி வரும், பத்தாவதுக்கு தமிழ்நாட்டுல விடுதலைப் போராட்டம்னு தனிப் பாடமே இருக்கு. பிள்ளைங்க வருஷத்தை எல்லாம் மனப்பாடம் பண்ணி பரிட்சையில எழுதிடறாங்க, அடுத்த மாசம் கேட்டா ஒண்ணும் நிக்கல. இதுல எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் என்னன்னா எங்க பள்ளிக்கூடத்துல இருந்து பஸ்ல கொஞ்ச தூரம் போனா அகஸ்தியம்பள்ளி, 1930ல உப்பு சத்தியாகிரகம் நடந்த இடம், அங்க நினைவுத் தூணே நிக்குது, என் கிளாஸ் பிள்ளைங்கள்ல பல பேரோட அப்பா அம்மா உப்பளத்துக்குத்தான் வேலைக்குப் போறாங்க. அந்தப் பிள்ளைங்களே "வேதாரண்யம் சத்தியாகிரகம் - 1930 - ராஜாஜி" அப்படின்னு ஒரு மார்க் கேள்விக்கு பதில் மாதிரி சொல்லிட்டு உக்காந்துடறாங்க.

ஆனா பாட்டுன்னா வேற மாதிரி. புதுசா ஒரு பாட்டு வந்தா ரெண்டு நாள்ல மொத்தப் பாட்டும் வாயில இருக்கு, தாளம் பெஞ்சுல இருக்கு. அதனாலதான் இந்த வருஷம் வரலாற்றைப் பாட்டு வழியா நடத்திப் பாக்கலாம்னு நினைக்கறேன். எனக்கு சங்கீதம் எல்லாம் தெரியாது, பள்ளியில மியூசிக் டீச்சரும் கிடையாது, இருக்கறது ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் என் போனும்தான். ஆகஸ்ட் 15க்கு நாலு பிள்ளைங்களை நிக்க வெச்சு பாட வைக்கறது எனக்கு வேண்டாம், அதை வருஷா வருஷம் பண்றோம், பாடற பிள்ளைக்கே அது என்ன பாட்டுன்னு தெரியறதில்ல. கிளாஸ்ரூம்ல, நாப்பது நிமிஷ பீரியட்ல, பாட்டையே பாடமா நடத்தணும். எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம், எப்படி நடத்தலாம், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க. பாட்டுல வர்றது எல்லாம் உண்மையான வரலாறுதானான்னும் ஒரு பயம் இருக்கு, அதையும் சொல்லுங்க.

பழைய ரெக்கார்ட் பிரியன்:

டீச்சர், நீங்க எங்கயும் தேட வேணாம், உங்க ஊர் பாட்டுலயே ஆரம்பிங்க. "கத்தியின்றி ரத்தமின்றி யுத்தமொன்று வருகுது" பாட்டை நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதினதே அந்த வேதாரண்யம் யாத்திரைக்காகத்தான். 1930 ஏப்ரல் 13, திருச்சியில டாக்டர் ராஜன் வீட்டுல இருந்து ராஜாஜி தலைமையில கிட்டத்தட்ட நூறு பேர் கிளம்பறாங்க, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு சுமார் 240 கிலோமீட்டர் ஏப்ரல் வெயில்ல நடக்கறாங்க, நடக்கும்போது பாடறதுக்கான பாட்டு இது. மேடையில நின்னு மைக் முன்னாடி பாடறதுக்கு எழுதினது இல்ல. அதனால பிள்ளைங்களை உக்கார வெச்சு பாட வைக்காதீங்க, கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போய் நடந்துக்கிட்டே பாடச் சொல்லுங்க. "கத்தியின்றி"ன்னு சொல்லும்போது ரெண்டு அடி, "ரத்தமின்றி"ன்னு சொல்லும்போது ரெண்டு அடின்னு கால் தானா விழும். அந்த ஒரு சுத்து நடந்து முடிச்சதும் கேளுங்க, ஏன் இப்படி ஒரு தாளத்துல எழுதியிருப்பாருன்னு. பிள்ளைங்களே சொல்லிடும்.

அப்புறம் அந்த யாத்திரைக் கதையைச் சொல்லுங்க, அதுல இருக்கறது எல்லாமே பிள்ளைங்களுக்குப் பிடிக்கிற விஷயம். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு உத்தரவு போடறார், யாத்திரைக்காரங்களுக்கு சாப்பாடோ தங்க இடமோ கொடுத்தா ஜெயில்னு. ஜனங்க என்ன பண்ணாங்க, சோத்துப் பொட்டலத்தை வழியில இருக்கற மரக்கிளையில கட்டித் தொங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. யார் கொடுத்ததுன்னு போலீஸ் யாரைப் பிடிக்கும்? கும்பகோணத்துல பந்துலு ஐயர்னு ஒருத்தர் வீட்டுல தங்க வெச்சார், அவரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. வேதாரண்யத்துல வைரப்பன்னு ஒரு முடி திருத்தும் தொழிலாளி, போலீஸ்காரர்னு தெரியாம ஒருத்தருக்கு சவரம் பண்ண ஆரம்பிச்சுட்டு, தெரிஞ்சதும் பாதியிலயே கத்தியைக் கீழ வெச்சுட்டார், என்ன மிரட்டியும் மீதியைப் பண்ண மாட்டேன்னுட்டார். அவருக்கும் அங்க நினைவுத் தூண் இருக்கு, உங்க பிள்ளைங்க கண்டிப்பா பாத்திருக்கும். "கத்தியின்றி"ன்னு பாடிட்டு இந்தக் கதையைச் சொன்னா அந்தப் பாட்டு யாருடைய பாட்டுன்னு பிள்ளைங்களுக்குப் புரியும், ராஜாஜி ஒருத்தர் பேரை எழுதிட்டு முடிக்கிற விஷயம் இல்ல இது.

வைரப்பன் பேரைச் சொன்னதும் இன்னொருத்தர் ஞாபகம் வருது, விஸ்வநாததாஸ். சிவகாசிக்காரர், அவரும் வைரப்பன் மாதிரியே முடி திருத்தற மருத்துவர் சமூகத்துல பிறந்தவர், பெரிய நாடக நடிகர். ஜாதியைக் காரணம் காட்டி அவரோட மேடை ஏற மாட்டேன்னு சொன்னவங்க இருந்தாங்க, ஜனங்க ராத்திரி முழுக்க உக்காந்து அவர் பாட்டைக் கேட்டாங்க. வள்ளி திருமணம் நாடகத்துல வள்ளி தினைப்புனத்துல பறவை விரட்டற காட்சி வரும்ல, அங்க "கொக்குப் பறக்குதடி பாப்பா"ன்னு பாடுவார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதினது. வெள்ளைக் கொக்கு, வியாபாரம் பண்ண வந்த கொக்கு, நம்ம வாழ்க்கையைக் கெடுக்க வந்த கொக்குன்னு போகும். கொட்டகையில இருக்கற கடைசி ஆளுக்கும் கொக்கு யாருன்னு தெரியும், முன் வரிசையில உக்காந்திருக்கற போலீசுக்கும் தெரியும். நாடகத்தைக் கட்டுப்படுத்தறதுக்குன்னே 1876லயே ஒரு சட்டம் போட்டு வெச்சிருந்தாங்க. பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார் மனுஷன். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில முருகன் வேஷத்துல மயில் மேல உக்காந்து பாடிட்டு இருக்கும்போதே உயிர் போச்சு. எட்டாம் கிளாஸ் பிள்ளைக்கு இதைச் சொல்லிட்டு கொக்கு பாட்டைப் பாட வைங்க. ஏன் நேரா "வெள்ளைக்காரனே வெளியே போ"ன்னு பாடாம கொக்குன்னு பாடினாங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, மீதி பீரியடை அவங்களே ஓட்டிடுவாங்க.

ரெண்டு பசங்க அம்மா (திருச்சி):

என் பையன் ஆறாவது படிக்கறான், அவனுக்கு நான் வேற மாதிரி பண்றேன். வருஷம், போர் பேரு, கவர்னர் ஜெனரல் பேரு எல்லாத்தையும் அவனுக்குப் பிடிச்ச சினிமா மெட்டுல போட்டுக் கொடுத்துடுவேன். பிளாசி 1757, பக்சார் 1764, வேலூர் 1806ன்னு பாடிட்டே குளிக்கப் போவான். மார்க் நல்லா வருது. மேல சொன்ன மாதிரி பழைய பாட்டு எல்லாம் இந்தக் காலத்துப் பசங்க கேப்பாங்களான்னு தெரியல, மெட்டு அவங்களுக்குத் தெரிஞ்சதா இருந்தாத்தான் ஒட்டும். நாப்பது நிமிஷத்துல பாடம் முடிக்கணும்னா இதுதான் நடக்கும்னு எனக்குத் தோணுது. டீச்சருக்கு போர்ஷன் முடிக்கற கஷ்டம் வேற இருக்கும்ல.

எம்ஏ வரலாறு:

அம்மா சொல்றது பரிட்சைக்கு உதவும், அதுல சந்தேகம் இல்ல, வருஷமும் ஞாபகம் இருக்கத்தான் வேணும். ஆனா அது பாட்டு மூலமா மனப்பாடம், டீச்சர் கேக்கறது வேற. பிளாசி 1757ன்னு எந்த மெட்டுல பாடினாலும் அந்த மெட்டுக்கும் பிளாசிக்கும் சம்பந்தம் இல்ல. அந்தக் காலத்து ஜனங்களே பாடின பாட்டு இருக்கு பாருங்க, அது வரலாற்றைப் பத்தின பாட்டு மட்டும் இல்ல, அதுவே வரலாற்று ஆதாரம். கல்வெட்டு எப்படியோ, கலெக்டர் ரிப்போர்ட் எப்படியோ அப்படித்தான் இதுவும். அதை நடத்தும்போது பிள்ளைங்க ஒரு ஆதாரத்தை எப்படிப் படிக்கறதுன்னு கத்துக்கறாங்க. யார் பாடினாங்க, யாருக்காகப் பாடினாங்க, பாடினதால அவங்களுக்கு என்ன ஆச்சு, இந்தப் பாட்டு எதைச் சொல்லாம விடுது, இந்தக் கேள்விகளை எந்தப் பாட்டுக்கும் கேக்கலாம். டீச்சரோட பயத்துக்கும் பதில் இதுலயே இருக்கு. பாட்டுல வர்றது எல்லாம் நடந்ததான்னு கவலைப்பட வேண்டாம், பாடினவங்க அப்படி நம்பினாங்க, இல்ல மத்தவங்க நம்பணும்னு ஆசைப்பட்டாங்க, அதுவே ஒரு தகவல்தான்.

உதாரணத்துக்கு "ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோமென்று". எல்லா ஸ்கூல்லயும் பாடறாங்க. பாரதி இறந்தது 1921, சுதந்திரம் வந்தது 1947. கிளாஸ்ல போர்டுல இந்த ரெண்டு வருஷத்தை மட்டும் எழுதிட்டு பாட்டைப் போடுங்க. அடைந்துவிட்டோம்னு இறந்த காலத்துல எப்படிப் பாடினார்னு ஏதாவது ஒரு பிள்ளை கேக்கும், கேக்கலைன்னா நீங்க கேளுங்க. அப்புறம் அதே பாட்டை டி.கே.பட்டம்மாள் 1947ல சுதந்திரம் கிடைச்ச ராத்திரி சென்னை ரேடியோவுல பாடினாங்கன்னு சொல்லுங்க. எழுதினவர் பாக்காத நாளை இன்னொருத்தங்க குரல் பாத்துச்சு. இன்னொண்ணு, தயவு செஞ்சு பாட்டை முழுசா பாட வைங்க. ஸ்கூல் விழாவுல முதல் ரெண்டு அடியோட நிறுத்திடறாங்க, உள்ள போனா பார்ப்பானை ஐயர்னு சொன்ன காலமும் போச்சு, வெள்ளைப் பரங்கியை துரைன்னு சொன்ன காலமும் போச்சுன்னு வருது. வெள்ளைக்காரன் போறது மட்டும் சுதந்திரம் இல்லன்னு பாரதி நினைச்சார்ங்கறது அந்த அடியிலதான் இருக்கு. பள்ளுங்கறதே வயல்ல பாடுபட்டவங்களைப் பாடற இலக்கிய வகை, அதை ஏன் எடுத்தார்னு டெல்டா பிள்ளைங்ககிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேக்கறது?

அதே பாரதி பாட்டுகளை ஆரம்பத்துல அச்சடிச்சு இலவசமா ஊருக்குக் கொடுத்தவர் வி.கிருஷ்ணசாமி ஐயர், அவர் மிதவாதி, பாரதி திலகர் பக்கம். அரசியல்ல எதிர்க் கட்சி, பாட்டு பிடிச்சுப் போச்சு. மிதவாதி தீவிரவாதின்னு ரெண்டு காலம் போட்டு டேபிள் எழுத வைக்கறதுக்குப் பதிலா இதைச் சொன்னா மனசுல நிக்கும். பாரதி போன பிறகு 1928ல மெட்ராஸ் கவர்மெண்ட் அவர் புத்தகங்களைப் பறிமுதல் பண்ண உத்தரவு போட்டது, பர்மா அரசாங்கம் தடை போட்டதைத் தொடர்ந்து. சத்தியமூர்த்தி சட்டசபையில எழுந்து சண்டை போட்டார். செத்துப்போன ஒரு கவிஞரோட பாட்டுக்கு அரசாங்கம் ஏன் பயப்படணும்? இதை ஒரு ஐந்து மார்க் கேள்வியா கேட்டுப் பாருங்க டீச்சர், என்ன மாதிரி பதில் வருதுன்னு.

சுதந்திரப் போராட்டத்தோட நிக்காதீங்கன்னும் சொல்லுவேன். 1876ல தாது வருஷப் பஞ்சம், 50 லட்சத்துக்கும் மேல ஜனம் செத்தது, பாடப் புத்தகத்துல ரெண்டு வரி. அந்தப் பஞ்சத்தைப் பத்தி ஜனங்க கும்மியாவே பாடி வெச்சிருக்காங்க, பஞ்சக் கும்மின்னு அச்சுலயும் வந்திருக்கு. உங்க பக்கத்துல மாயவரத்துல முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை தன் கையில இருந்ததைப் போட்டு கஞ்சி ஊத்தினார், அதைப் பாத்துட்டு கோபாலகிருஷ்ண பாரதி "நீயே புருஷ மேரு"ன்னு அவர் மேலயே ஒரு கீர்த்தனை பாடினார். சாமியைப் பாடினவர் ஒரு கிறிஸ்தவ அதிகாரியைப் பாடறார். பஞ்சம் எவ்வளவு கொடுமையா இருந்திருக்கும், அந்தக் கஞ்சி எவ்வளவு பெருசா தெரிஞ்சிருக்கும்னு இதுக்கு மேல எப்படி விளக்கறது. அதே வருஷங்கள்ல இங்க இருந்து தானியம் கப்பல் ஏறிப் போயிட்டேதான் இருந்துச்சு, அதையும் சேத்துச் சொல்லணும்.

கப்பல்னு சொன்னதும் பிஜி பாட்டு. பிஜித் தீவுக்குக் கூலிக்குப் போன நம்ம பெண்களைப் பத்தி "கரும்புத் தோட்டத்திலே"ன்னு சுப்பிரமணிய பாரதி பாடினது, "நாட்டை நினைப்பாரோ"ன்னு ஒரு இடம் வரும், கிளாஸ்ல அந்த இடத்துல சத்தம் இருக்காது. 1879ல பிஜிக்கு முதல் கப்பல் போகுது, 1903ல இருந்து மெட்ராஸ்ல இருந்தும் ஆள் ஏத்தறாங்க, ஒப்பந்தக் கூலி முறை முழுசா ஒழிஞ்சது 1920 ஜனவரி 1. பாரதி பிஜிக்குப் போனதே கிடையாது, பத்திரிகைக்காரர்ங்கறதால செய்தியா வந்ததை வெச்சுப் பாடினார். உங்க நாகப்பட்டினம் துறைமுகத்துல இருந்து மலாயாவுக்குக் கூலிக்கு எத்தனை பேர் கப்பல் ஏறினாங்கன்னு பிள்ளைங்க வீட்டுல கேட்டாலே தெரியும், ரஜூலா கப்பல் பேரு பெரியவங்களுக்குக் கண்டிப்பா ஞாபகம் இருக்கும்.

கடலோர டீச்சர்:

ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. பந்துலு ஐயர் விஷயமும் 1928 தடையும் எனக்கே புதுசு. ரெண்டு விஷயம் கேக்கணும். நான் சரியா பாட மாட்டேன், ஸ்பீக்கர்ல போட்டா பிள்ளைங்க கேக்கறதோட நின்னுடுமோன்னு இருக்கு, அவங்களே பண்ற மாதிரி ஏதாவது வழி இருக்கா? அப்புறம் பாளையக்காரர் பாடத்துக்கு என்ன பாட்டு எடுக்கறது, கட்டபொம்மன்னா சினிமா வசனம்தான் எல்லா பிள்ளைக்கும் தெரியுது.

நெல்லை வில்லிசை:

வணக்கம் டீச்சர். நாங்க குடும்பமா வில்லுப்பாட்டு பாடறவங்க, கோயில் கொடை விழாக்கள்ல பாடுவோம், ஸ்கூல்லயும் பாடியிருக்கோம். உங்க ரெண்டு கேள்விக்கும் வில்லுப்பாட்டுதான் பதில்னு சொல்லுவேன். இதுல நல்லா பாடற ஒரு பிள்ளை இருந்தா போதும், மத்தவங்க எல்லாம் பின்பாட்டு. தலைவர் ஒரு வரி சொன்னா "ஆமா" போடணும், நடுவுல "அது எப்படி அண்ணே?"ன்னு கேள்வி கேக்கணும், கேள்வி கேக்கறதுதான் கதையை நகத்தும். கிளாஸ்ல நீங்க கேக்கற கேள்வியை எல்லாம் பின்பாட்டுக்காரங்க வாயில வெச்சிடுங்க. வில்லு இல்லன்னா மூங்கிலை வளைச்சு கயிறு கட்டி ரெண்டு மணி தொங்கவிடுங்க, ஒரு மண்பானை, ஒரு ஜால்ரா, ரெண்டு கட்டை. உடுக்கை கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா பரவால்ல. "தந்தனத்தோம் என்று சொல்லியே"ன்னு ஆரம்பிச்சா போதும், தாளம் பிடிச்சுக்கும்.

வில்லுப்பாட்டுல வரலாறு சொல்றது புதுசு இல்ல. கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லுல பாடினார், சுப்பு ஆறுமுகம் ஐயா வாழ்நாள் முழுக்க இதையே பண்ணினார், 2021ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு காந்தி யாருன்னு சொன்னதுல வில்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்டபொம்மனுக்கு கதைப்பாடலே இருக்கு, நா.வானமாமலை பதிப்பிச்சிருக்கார், தேடினா கிடைக்கும். எங்க பக்கத்துல வயசானவங்க அதுல துண்டு துண்டா இன்னும் பாடுவாங்க. சினிமா வசனத்துல கட்டபொம்மன் மட்டும்தான் தெரிவார், கதைப்பாடல்ல ஊமைத்துரை, வெள்ளையத் தேவன், சுந்தரலிங்கம்னு எல்லாரும் வருவாங்க. 1799 அக்டோபர் 16 கயத்தாறுல தூக்கு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க, அதோட பாடம் முடிஞ்சுது. ஆனா கதை முடியல, 1801 பிப்ரவரியில ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்து, இடிச்ச இடத்துலயே சில நாள்ல திரும்பக் கோட்டையை எழுப்பினார். எதிர்த்துச் சண்டை போட்ட கம்பெனி அதிகாரி வெல்ஷே அதை ஆச்சரியமா எழுதி வெச்சிருக்கார். பேச வராத அந்த மனுஷனுக்கு ஜனங்க எவ்வளவு மரியாதை கொடுத்தாங்கன்னும் அவர் எழுதறார். ஒரு பக்கம் கதைப்பாடல், ஒரு பக்கம் வெல்ஷ் எழுதினது, ரெண்டையும் பிள்ளைங்க கையில கொடுத்து இதுல எது எது ஒத்துப் போகுது, எது போகலைன்னு பாக்கச் சொல்லுங்க. அதை வெச்சே அவங்களை ஒரு சின்ன வில்லுப்பாட்டு எழுத வைங்க. எழுதறதுக்காக அவங்க படிக்கற படிப்பு பரிட்சைக்குப் படிக்கறதை விட ஜாஸ்தியா இருக்கும், நான் பாத்து சொல்றேன்.

ஒண்ணு மட்டும், பிள்ளைங்க கட்டபொம்மனைப் பாடும்போது எங்க ஜாதி உங்க ஜாதின்னு பேச்சு வரும், எங்க ஊர்ல வருது. கதைப்பாடல்லயே எத்தனை சமூகத்து ஆளுங்க ஒரே கோட்டைக்குள்ள செத்தாங்கன்னு இருக்கு, அதைக் கண்டிப்பா எடுத்துச் சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னா கேப்பாங்க.

கொழுந்து மலை:

நான் இலங்கை, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிறேன். மேல பிஜி பாட்டு பத்தி வாசிச்சதும் எழுதணும் போல இருந்துச்சு. எங்க பிள்ளைகளோட பூட்டன் பூட்டி உங்க பக்கத்துல இருந்துதான் வந்தாங்க, 1820கள்ல கோப்பித் தோட்டத்துக்கு, பிறகு கோப்பியில நோய் விழுந்து அழிஞ்ச பிறகு தேயிலைக்கு. மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்த பயணத்துல எத்தனையோ சனம் வழியிலேயே செத்துப் போச்சு. எங்க பாடப் புத்தகத்துல இது மிச்சம் குறைவு. ஆனா பாட்டுல இருக்கு. "ஊரான ஊரிழந்தேன், ஒத்தப்பனை தோப்பிழந்தேன், பேரான கண்டியிலே பெத்த தாயை நான் மறந்தேன்". இந்த ஒரு பாட்டை வச்சு நான் ஒரு தவணை முழுக்கப் படிப்பிச்சிருக்கேன். ஒத்தப்பனை எங்க இருக்கும், மலையில பனை இல்லையே, அப்ப இவங்க எந்த ஊர், கண்டின்னு ஏன் சொல்றாங்க, தாயை ஏன் மறக்கணும், ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளைகள் ஒரு தேசப்படத்தை விரிச்சு வச்சுக்கிட்டுத் தேடுவாங்க.

எங்களுக்குப் பாட்டு மட்டும் இல்ல, தப்பும் வரலாறுதான். விடிய முன்னாடி பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் போறவங்களை வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிடறதுக்கு, ஆள் கூப்பிட தப்பு அடிப்பாங்க, அது ஒரு அடி. சாவுக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு ஒரு அடி. ஒரு தாத்தாவைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு எல்லாத்தையும் அடிச்சுக் காட்டச் சொன்னோம். பெரட்டுத் தப்பு கேட்டதும் பிள்ளைகள், இந்தச் சத்தத்துக்கு ஒருநாள் எழும்பாட்டி என்ன நடக்கும்னு தாத்தாகிட்ட கேட்டாங்க. அதுக்குப் பிறகு ஆள் பிடிச்சு மேய்க்கிற கங்காணி, தோட்டம் மாறக் கொடுக்கற கடன் துண்டு, வேலைப் பதிவுல இருந்து பேர் வெட்டுறதுன்னு அவர் சொன்னது எல்லாம் எந்தப் புத்தகத்துலயும் நான் வாசிக்காத வரலாறு. 1948ல குடியுரிமை பறிபோனது, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல அஞ்சேகால் லட்சம் சனம் இந்தியாவுக்குன்னு கணக்குப் போட்டது, இதெல்லாம் பெரியாக்கள் ஒப்பாரி வச்சே சொல்லுவாங்க, ரயில்ல ஏத்தி அனுப்பினப்ப பாடினது இன்னும் அவங்க வாயில இருக்கு.

டீச்சர், உங்க ஊர்ல நடவுப் பாட்டு பாடற பாட்டிமார் இருப்பாங்களே. அவங்ககிட்ட போங்க. பாரதி பாட்டு எப்படியும் புத்தகத்துல இருக்கும், அவங்க பாட்டு அவங்களோட போயிரும்.

எம்ஏ வரலாறு:

ஹட்டன் நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழியறேன். கீழத்தஞ்சை நடவுப் பாட்டுல பண்ணையாள் வாழ்க்கை, தண்டனையா சாணியைக் கரைச்சுக் குடிக்க வெச்ச சாணிப்பால், சவுக்கடி எல்லாம் வரும், 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எதுக்கு வந்ததுன்னு அதுக்கு மேல விளக்கம் வேண்டாம். 1968 கீழவெண்மணியும் உங்க மாவட்டம்தான், விவசாயக் கூலிக் குடும்பத்துக்காரங்க 44 பேரை குடிசையில எரிச்சுக் கொன்னாங்க, அதைப் பத்தின பாட்டும் அந்தப் பக்கம் உண்டு. எட்டாவதுக்கு வேண்டாம், பத்தாவதுக்குப் பக்குவமா எடுக்கலாம். சுதந்திரம் வந்து இருபத்தோரு வருஷத்துக்கு அப்புறம் இது நடந்துச்சுங்கறதையும், முன்னாடி படிச்ச "ஆனந்த சுதந்திரம்" பாட்டையும் பிள்ளைங்களே பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும், நீங்க தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டாம்.

ரெண்டு பசங்க அம்மா (திருச்சி):

படிச்சுட்டு கொக்கு பாட்டை பையனுக்குச் சொன்னேன். போலீஸ் முன்னாடியே பாடினாங்களான்னு அவன் கேட்ட கேள்வியை நிறுத்தவே முடியல. மெட்டு போட்டு வருஷம் சொல்லிக் கொடுக்கறதையும் நான் விடப்போறதில்ல, அதுவும் வேணும். ஆனா திருச்சியில இருந்துதான் அந்த யாத்திரை கிளம்புச்சுன்னு அவனுக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லல, டாக்டர் ராஜன் வீடு இருந்த கன்டோன்மெண்ட் வழியாத்தான் தினமும் ஸ்கூலுக்குப் போறான்.

கடலோர டீச்சர்:

முடிவு பண்ணிட்டேன். ஜூலையில பத்தாவதுக்கு "கத்தியின்றி", கிரவுண்டுல நடந்தே பாடறோம், யாத்திரை போன ஊர்களை எல்லாம் மேப்ல பிள்ளைங்களே குறிக்கணும், முடிச்சதும் அகஸ்தியம்பள்ளித் தூணுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன், வைரப்பன் தூணுக்கும். எட்டாவதுக்கு ஊமைத்துரை வில்லுப்பாட்டு, அவங்களே எழுதறது. ஹெச்எம் கிட்ட பேசிட்டேன், போர்ஷன் பாதிக்காம பண்ணுங்கன்னு சொன்னாங்க, வாரத்துக்கு ஒரு பீரியட்னா பாதிக்காது. நடவுப் பாட்டுக்கு என் கிளாஸ்லயே ஒரு பொண்ணோட ஆத்தா இருக்காங்க, வயல்ல அவங்க குரல் எடுத்தா மத்தவங்க பின்னாடி பாடுவாங்களாம், கேட்டா கண்டிப்பா வருவாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. போன்ல ரெக்கார்ட் பண்ணி வெக்கலாமான்னு இருக்கேன். எப்படிப் பண்ணணும்னு ரெக்கார்ட் பிரியன் சார் சொல்லுங்க.

பழைய ரெக்கார்ட் பிரியன்:

கண்டிப்பா பண்ணுங்க டீச்சர். முதல்ல அந்த அம்மாகிட்ட தெளிவா கேட்டுக்கோங்க, ரெக்கார்ட் பண்றோம், ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுவோம், வெளியில போட மாட்டோம்னு. வாட்ஸ்அப் குரூப்ல போட்டு அது ஊரெல்லாம் சுத்தி யாரோ மியூசிக் சேத்து விடறது அவங்களுக்கு நியாயம் இல்ல. ஃபேன் எல்லாம் ஆஃப் பண்ணிடுங்க, போனை அவங்க வாய்க்கு ஒரு முழம் தள்ளி ஏதாவது துணி மேல வைங்க, கையில பிடிக்காதீங்க. ஸ்பீக்கர் மைக் எதுவும் வேண்டாம். உக்காந்து பாட வரலைன்னா வயல்லயே போய் எடுங்க, நடும்போது குனிஞ்சு நிமிர்ற மூச்சு பாட்டுல இருக்கும், அது இல்லாம தாளம் புரியாது. பாட்டு முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடாதீங்க, அடுத்து அவங்க பேசறது பல நேரம் பாட்டை விட முக்கியமா இருக்கும், யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, எந்தப் பண்ணையில பாடினாங்க, எந்தப் பாட்டைப் பண்ணையார் இருக்கும்போது பாட மாட்டாங்கன்னு பிள்ளைங்களையே கேக்க விடுங்க. கடைசியா அவங்க பேரு, ஊரு, தேதி மூணையும் ரெக்கார்டிங்லயே சொல்ல வைங்க. என்கிட்ட இருக்கற பழைய தட்டுல பாதிக்கு மேல பின்பாட்டு பாடினவங்க பேரே இல்ல, லேபிள்ல கம்பெனி பேரு மட்டும் பெருசா இருக்கு.